மப்பும் மந்தாரமும்

அன்புள்ள ஐயா,

நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஓய்வு நேரத்தில் ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். இப்போது எடுத்திருக்கும் கதையில் முதல் இரண்டு பக்கத்துக்குள்ளேயே க்ளூமி, ட்ரியரி, ப்ளீக், டிஸ்மல், டல் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் 'இருண்ட, சோகமான, மந்தமான' என்றே இருக்கிறது. நானும் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த என் கணவர், "ஏன் சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கு?" என்று கேட்டார். இவை உண்மையிலேயே ஒரே பொருள்தானா? தமிழில் தனித்தனிச் சொல் இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரே பொருள் இல்லை. தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. நாம் தேடுகிற இடம்தான் தவறு. நானும் உங்கள் பக்கத்து ஆள் என்பதால் நம் ஊர் வானத்தையும் வயலையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் க்ளூமி. இடைக்கால ஆங்கிலத்தில் இதன் வேர் வானத்துக்கு உரிய சொல்லே அல்ல. முகத்தைச் சுளிப்பது, கடுகடுவென்று பார்ப்பது என்ற பொருளில் மனிதருக்குச் சொன்னது. அங்கிருந்துதான் வானத்துக்கு ஏறியது. கார்த்திகை மாதத்தில் காலையில் கதவைத் திறந்துவிட்டு "வானம் உம்முன்னு இருக்கு" என்கிறோமே, அதுவும் இதே வழிதான். மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது என்பதும் இதற்குப் பொருந்தும். வானிலைக்காரர்கள் சொல்லும் ஓவர்காஸ்ட் வேறு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எட்டையும் மேகம் மூடியிருந்தால் அவர்கள் அப்படிக் குறிப்பார்கள். அது வெறும் அளவு. க்ளூமியில் ஒரு முகம் இருக்கிறது.

ட்ரியரியின் பிறப்பு உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்கு 'குருதி தோய்ந்த' என்று பொருள். பிறகு துயரம் என்றாகி, இன்று அந்தக் குருதியெல்லாம் காய்ந்துபோய் அலுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சொல்லில் முக்கியமானது நீளம். பொழுது நகராமல் கிடந்தால்தான் ட்ரியரி.

தை மாதம் சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும் பாருங்கள், அதுதான் ட்ரியரி. பெரிய மழை என்றால் ஒரே நாளில் இருக்கிறதா போனதா என்று தெரிந்துவிடும். இது நசநசவென்று தூறும், விடும், மறுபடியும் தூறும். வழக்கமாக ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஒரு வருஷம் அப்பாவோடு நானும் அப்படி நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். படுதாவின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டால் நெல்லுக்குள்ளிருந்து சூடு அடிக்கும், புளித்த வாடை வரும். மூன்றாம் நாள் குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படுதாவை இழுத்து மூடினார். அந்த நான்கு நாளை 'இருண்ட' என்று எழுதினால் அந்த நாட்கள் அதில் இருக்காது. 'நசநசவென்று' எழுதினால் கொஞ்சம் இருக்கும்.

ப்ளீக்கை இருட்டு என்று மொழிபெயர்ப்பதுதான் பெரிய பிழை. வெளிறிப்போதல் என்பதே அதன் வேர். துணியை வெளுக்கும் ப்ளீச்சும் இதுவும் ஒரே குடும்பம். மறைப்பு இல்லாத, நிழல் இல்லாத, காற்று நேராக வந்து அடிக்கிற வெட்டவெளிக்குச் சொல்வது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அங்கேயே இருந்திருப்பீர்கள். சில நாள் கழித்து நான் வேதாரண்யம் பக்கம் போனபோது வானம் நல்ல நீலமாக இருந்தது. மப்பே இல்லை. ஆனால் தென்னை எல்லாம் விழுந்துவிட்டதால், காலங்காலமாக நிழலிலேயே இருந்த வாசல்களில் பளீரென்று வெயில். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி கண்ணைக் கூசிக்கொண்டே பேசினார். அவர் வாசலில் உட்கார்ந்து கண் கூசியது அதுதான் முதல் முறையாம். வெளிச்சம் அதிகமாகிப் போன துயரம் அது. நம் வாயில் அதற்கு 'வெறிச்சென்று' இருக்கிறது, 'ஓவென்று கிடக்கிறது' இருக்கிறது. பிரிவால் வரும் வெளிறலுக்குப் பசலை என்று பெயர் வைத்து, குறளில் ஓர் அதிகாரமே கொடுத்தவர்கள் நாம். அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்தச் சொல்லவில்லை, அது உடம்புக்கு உரியது. ஆனால் துயரத்தின் நிறம் கருப்பு மட்டும் இல்லை என்பது நமக்கு எப்போதோ தெரியும்.

டிஸ்மலுக்கு நம் வீட்டுச் சுவரிலேயே விளக்கம் தொங்குகிறது. 'கெட்ட நாட்கள்' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது அது. இடைக்கால ஐரோப்பாவின் பஞ்சாங்கங்களில் மாதத்துக்கு இரண்டு நாள், வருஷத்துக்கு 24 நாள் ஆகாத நாள் என்று குறித்திருந்தார்கள். அதாவது கரிநாள்! நம் தினசரிக் காலண்டரில் இன்றைக்கும் அச்சடிக்கிறார்களே, அதேதான். இன்று ஆங்கிலத்தில் நாளை விட்டுவிட்டு எதற்கும் உருப்படியில்லாத நிலைக்குச் சொல்கிறார்கள். 'விளங்காத', 'விடிவில்லாத' என்று இடத்துக்கு ஏற்பப் போடலாம்.

டல் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அது நம் பேச்சுக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. "ஏன் டல்லா இருக்கே?" என்றால் வாட்டமாக இருக்கிறாய் என்று பொருள். ஆங்கிலக் கதையில் ஒருவரை டல் என்றால் பெரும்பாலும் சுவாரசியம் இல்லாத ஆள், பழைய கதையானால் மந்த புத்திக்காரர். அங்கே 'டல்லாக இருந்தார்' என்று எழுதினால் வாசகர் அவருக்குக் காய்ச்சல் என்று நினைப்பார். அதே சொல் கத்திக்கு வந்தால் மொண்ணை, கருக்கரிவாளுக்கு வந்தால் கருக்கு மழுங்கியது, வெளிச்சத்துக்கு வந்தால் மங்கல். வலிக்கு வந்தால்? விண்விண்ணென்று தெறிக்காமல் ஓயாமல் மந்தமாக இருக்கும் வலி.

இன்னும் இரண்டு சொற்களும் உங்கள் கதையில் வரக்கூடும். ட்ரேப் (drab) என்பது முதலில் சாயமேற்றாத துணி, நம் காடாத்துணியின் நிறம். ஸாம்பர் (sombre) நிழலோடு உறவுள்ள சொல். அதில் குறை சொல்லும் தொனி கிடையாது. துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோமே, அந்த அடக்கம் அது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் கொடுத்தவற்றில் பாதி உம்மென்று, நசநசவென்று, வெறிச்சென்று என 'என்று' போட்டு வருபவை. ஆங்கிலம் இந்த நுட்பங்களைப் பெயருக்கு முன்னால் அடையாக வைக்கிறது. தமிழ் வினைக்கு முன்னால் ஒலிக்குறிப்பாக வைக்கிறது. அகராதி ஓர் அடைக்கு இன்னோர் அடையைத் தேடுவதால்தான் 'இருண்ட'விலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வாக்கியத்தை வினை பக்கம் திருப்பிப் பாருங்கள், அப்புறம் உங்கள் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் தினமும் பேசுகிற சொற்களே வரிசையில் வந்து நிற்கும்.

கதையின் முதல் வரியில் எந்தச் சொல் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. க்ளூமி என்றால், 'காலையிலிருந்தே வானம் உம்மென்று இருந்தது' என்று தொடங்கி அந்த இரண்டு பக்கத்தை மறுபடி எழுதி, கணவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.