பெவாசிசுமாப் ஊசியால் பிரஷர் ஏறினால் கிட்னி போய்விடுமா?

புற்றுநோய்க்கான இந்த ஊசி ஆரம்பித்ததில் இருந்து அம்மாவுக்கு பிரஷர் 150, 160 என்று ஏறுகிறது, சிறுநீரில் புரதமும் வருகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கு இதே ஊசிதான் போட்டார்கள். அதுவரை பிரஷரே இல்லாதவர். கட்டி வளரப் புது ரத்தக்குழாய்கள் வேண்டும். அவற்றை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை இந்த மருந்து கட்டிப்போடுகிறது. ஆனால் மற்ற ரத்தக்குழாய்கள் இறுகாமல் இருக்கவும், சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகாமல் இருக்கவும் அதே புரதம்தான் வேண்டும். அதனால்தான் பிரஷர் ஏறுகிறது, புரதம் கசிகிறது. இதே வழியைத் தடுக்கும் சுனிடினிப், லென்வாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரைகளிலும் இது வரும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தின் விஷயம் வேறு. அது சிறுநீரக நுண்குழாய்களையே தாக்கும். சலைன் நிறைய ஏற்றுவது அதற்காகத்தான்.

என் அம்மாவுக்கு முதலில் தெரிந்தது சிறுநீரில் நுரை. தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்காத நுரை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் சரியாகவே இருந்தது, ஆனால் அதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது. 24 மணி நேரச் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதலில் போவது வரைக்கும் எல்லாவற்றையும் கேனில் பிடிக்க வேண்டும். புரதம் 2 கிராமை எட்டினால் ஊசியைத் தள்ளிவைப்பார்கள், குறைந்ததும் தொடர்வார்கள். அம்மாவுக்கும் ஒரு தவணை தள்ளிப்போனது. டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள், அது பிரஷரோடு புரதக் கசிவையும் குறைக்கும். அப்புறம் ஊசி தொடர்ந்தது. புரதக் கசிவு மிக அதிகமாகி உடம்பு வீங்கும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் வரைக்கும் போனால் ஊசியை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் தினமும் பிரஷர் பாருங்கள். காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி. ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் எடுக்கும் ஒற்றை அளவைவிட அது அவருக்கு உதவும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் எதுவும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கடுமையான தலைவலி, பார்வை மங்கல், பேச்சில் குழப்பம், வலிப்பு, இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பிரஷர் 180/120-ஐத் தாண்டி, மறுபடி பார்த்தும் இறங்கவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரி ஆகிவிட்டதே, விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.