கறிவேப்பிலையில் ஒட்டியிருக்கும் அந்த எச்சம்: எலுமிச்சை அழகி பற்றிக் கேள்வி பதில்

மொட்டை மாடியில் புழு வளர்க்கிறவள் என்று தெருவில் பெயர் வாங்கி வருடங்கள் ஆகின்றன. கறிவேப்பிலை துளிர்க்கும் சமயத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் வந்த கேள்விகளுக்கு இங்கேயே மொத்தமாகப் பதில்.

அக்கா, தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலையில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று. குச்சியால் தள்ளினால் நெளிகிறது! (சத்துவாச்சாரி)

அது எச்சமில்லை, எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு. முட்டை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், வெளிர் மஞ்சள், கொழுந்துக்கு ஒன்றாகத் தனித்தனியாக இட்டிருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். அதற்கப்புறம் தோலை உரித்து உரித்து வளரும் ஐந்து பருவங்களில் முதல் நான்கிலும் இந்த வேஷம்தான்: கறுப்பும் பழுப்பும், நடுவில் வெள்ளைத் திட்டு, அப்போதுதான் விழுந்தது போல ஒரு ஈரப் பளபளப்பு. ஒளிந்துகொள்ளாது, இலையின் மேல்பக்கத்திலேயே தைரியமாக உட்கார்ந்திருக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தப் போகிறது? ஐந்தாம் பருவத்தில் தோலை உரித்தால் பச்சை. சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தபிறகு எச்சம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்!

தொட்டதும் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீண்டது. கையெல்லாம் நாற்றம். விஷமா? (குடியாத்தம்)

பயப்படாதீர்கள் தம்பி, சோப்புப் போட்டுக் கழுவினால் சரி. தலைக்குப் பின்னால் உள்ளே மடித்து வைத்திருக்கும் ஓர் உறுப்பு அது. உடம்பை இறுக்கி, பாம்பு நாக்கு போல இரண்டாகப் பிளந்து வெளியே தள்ளும். எறும்பு போன்ற சின்ன எதிரிகளை விரட்டத்தான். கவனித்துப் பாருங்கள், குட்டிப் புழுவின் வாடையும் பெரிய புழுவின் வாடையும் ஒன்றல்ல. சிறுசுகளிடம் எலுமிச்சைத் தோல் நெடி தூக்கலாக இருக்கும். கடைசிப் பருவத்தில் சுரப்பே மாறி அமிலமாகிவிடுகிறது. எனக்கு அது கெட்டுப்போன வெண்ணெய் வாடை.

எலுமிச்சையிலும் பார்த்தேன், கோவில் வில்வத்திலும் பார்த்தேன். எல்லாம் ஒரே புழுவா? (ஆற்காடு)

இருக்கலாம் ஐயா. எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் தாவரக் கணக்கில் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் மணக்கும் எண்ணெய்தான் அடையாளம். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்த்துத்தான் முட்டை இடும். நமக்கு நாக்கு, அதற்குக் கால். வேடிக்கை என்னவென்றால், இதே பூச்சி ஆஸ்திரேலியாவில் நம் நாட்டு மருந்துக்கடையில் விற்கும் கார்போக அரிசியின் உறவுச் செடிகளில் வளர்கிறது. அது பயறுக் குடும்பம்!

அழகு அழகு என்கிறீர்கள். என் நாற்றங்காலில் எலுமிச்சங்கன்றெல்லாம் மொட்டை. (அணைக்கட்டு)

உங்கள் கோபம் நியாயம் அண்ணே. காய்க்கிற மரத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, கன்றுக்கு எமன்தான். கரீபியன் பக்கம் டொமினிக்கன் குடியரசில் 2004இல் முதன்முதலாகத் தென்பட்டு, பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது. அங்கேயும் எலுமிச்சை விவசாயிகளுக்குக் கவலைதான். கன்று கொஞ்சம் என்றால் காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம். நிறைய என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபிறகு அடியுங்கள். வேலூர் வெயிலில் பகலில் அடித்தால் வீண்.

பச்சைக் கூடு பெண், பழுப்புக் கூடு ஆண் என்று பையன் சொல்கிறான். (காட்பாடி)

பையனிடம் தோற்றுவிட வேண்டாம், அப்படி இல்லை. இலைக்கும் பச்சைத் தண்டுக்கும் நடுவில் கூடானால் பச்சை, கட்டை, சுவர் பக்கம் போனால் பழுப்பு. போன முறை என் வீட்டில் ஒன்று செடியிலேயே நின்றது, இன்னொன்று தண்ணீர்த் தொட்டிச் சுவர் வரை ஊர்ந்து போனது. ஒரே வயதுப் புழுக்கள், இரண்டு நிறம். வால் நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒற்றைப் பட்டுநூலை மாட்டி, கரண்டு கம்பத்தில் லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்து நிற்பாரே, அப்படி நிற்கும். பட்டாம்பூச்சி வரும் நாள் நெருங்கினால் தோலுக்குள் இறக்கைக் கோலம் தெரியும். அன்றைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

பாட்டிலில் வைத்த கூட்டிலிருந்து கொசு மாதிரி பொடிப்பூச்சிகள் வந்தன! (ராணிப்பேட்டை)

எனக்கும் நடந்தது தங்கச்சி, அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. அவை ஒட்டுண்ணிக் குளவிகள். புழு கூடாக மாறும் நேரம் பார்த்து அதன் பக்கத்திலேயே, சில சமயம் அதன் மேலேயே காத்திருக்கும். புதுத்தோல் கெட்டியாவதற்குள் ஊசியைப் பாய்ச்சி முட்டைகளை இறக்கிவிடும். ஒரு கூட்டிலிருந்து டஜன் கணக்கில் வரும். அடுத்த முறை புழு சின்னதாக இருக்கும்போதே உள்ளே எடுத்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள்.

இதே செடியிலிருந்து கறுப்பும் சிவப்புமாக ஒன்று வந்தது. கலப்பா? (வாலாஜா)

கலப்பில்லை, அது கறிவேப்பிலை அழகி, வேறு இனம். அதன் பெண்களில் சில, சிவப்புடல் அழகியைப் போலவே வேஷம் போடும். சிவப்புடல் அழகி ஆடுதீண்டாப்பாளை என்ற நச்சுச் செடியைத் தின்று வளர்ந்த நஞ்சுக்காரி, பறவைகள் கிட்டே வருவதில்லை. அந்தப் பயத்தில் இவள் குளிர்காய்கிறாள். உடம்பைப் பாருங்கள், சிவப்பு என்றால் அசல், கறுப்பு என்றால் நகல். எலுமிச்சை அழகிக்கு இந்தக் குழப்பமே இல்லை: கறுப்பில் இளமஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையில் ஒரு செம்புள்ளி, வால் கிடையாது.

அமிர்தி ஓடை ஈரமணலில் கூட்டமாக உட்கார்ந்து என்ன குடிக்கின்றன? (கண்ணமங்கலம்)

உப்பு. குடிப்பவை பெரும்பாலும் ஆண்கள். சேரும்போது அதைப் பெண்ணுக்குக் கொடுக்கும், முட்டைக்குப் போகும்.

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி இதுதானே? (போளூர்)

இல்லை, அது தமிழ் மறவன். அறிவித்தது 2019இல்.

மாமியார் மருந்து அடிக்கச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை. (தோட்டப்பாளையம்)

ரசத்தில் போடும் இலைக்கு மருந்தா என்று அவரிடமே கேளுங்கள், விட்டுவிடுவார். என்னிடம் இரண்டு தொட்டி. ஒன்று குழம்புக்கு, ஒன்று புழுவுக்கு. பூச்சிக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது, இரண்டிலும் இட்டுவிட்டுப் போகும். குழம்புச் செடியில் இருப்பதை இலையோடு கிள்ளி அந்தப் பக்கம் மாற்றிவிட்டுத்தான் கீழே இறங்கிக் காபி போடுவேன்.