மகனை மிரட்டிப் பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு 14 வயது. ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் அறிமுகமான ஒருவர், தன்னைப் பெண்பிள்ளை என்று சொல்லி வட்ஸ்அப்பில் பேசிப் பழகி, அவனிடம் அந்தரங்கப் படம் ஒன்றை வாங்கிவிட்டார். 25,000 ரூபாய் தராவிட்டால் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவதாக மிரட்டுகிறார். கொடுத்து முடித்துவிடலாமா? (தந்தை, வெள்ளவத்தை)

கொடுக்காதீர்கள். கொடுத்தால் முடியாது. இந்த வீட்டில் பணம் பெயரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் தொகை கூடும்.

மகனை அடிக்கவும் வேண்டாம். 'அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ' என்ற பிள்ளையின் பயத்தை முதலாக வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். அவன் உங்களிடம் சொல்லிவிட்டான். அந்த முதல் போய்விட்டது. இன்றிரவு அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். வெட்கத்தில் பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போய்விடக்கூடும்.

உரையாடலை அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகள், தொலைபேசி இலக்கம், விளையாட்டில் அவர் வைத்திருக்கும் பெயர், பணம் போடச் சொன்ன கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அதன்பின் அவரைத் தடை செய்யுங்கள். படத்தை மட்டும் யாருக்கும், ஆலோசனை கேட்கும் மாமாவுக்குக்கூட, அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம்.

அடுத்து 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109.

படம் பரவுமே என்ற கவலைக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்குள்ளாகும் சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டுமே போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தக் கோவையோடு ஒப்பிட்டுப் படத்தைத் தடுக்கும். ஆனால் வட்ஸ்அப் உரையாடல்களுக்குள் இது எட்டாது. அதனால்தான் 1929ஐ முதலில் சொன்னேன்.

மகள் தரம் 3 படிக்கிறாள். ஆசிரியர் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்புவதால் அவளுக்கென்று ஒரு போன் கொடுத்தோம். இப்போது நாள் முழுக்க யூடியூப்தான். (தாய், கொட்டாஞ்சேனை)

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய பழக்கம் இது. பாடசாலை திறந்த பின்னும் போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. வட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது 13. ஆகவே வகுப்புக் குழுவில் உங்கள் இலக்கம் இருக்கட்டும். பாடத்தை நீங்கள் திறந்து காட்டுங்கள், அல்லது கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

யூடியூப்புக்குப் பதிலாக யூடியூப் கிட்ஸைப் போட்டு, நீங்கள் அனுமதித்தவற்றை மட்டும் காட்டும் அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து நீங்களே காணொளிகளைப் பொறுக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், செய்யுங்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டு வைஃபையிலேயே கெட்ட தளங்களைத் தடுக்க முடியுமா? (பம்பலப்பிட்டி)

ஓரளவுக்கு முடியும். ரௌட்டரின் (வைஃபை தரும் பெட்டியின்) டிஎன்எஸ் அமைப்பில், அதாவது தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையைக் குறிக்கும் இடத்தில், 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் இடுங்கள். இது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவச சேவை. ஆபாசத் தளங்களையும் தீநிரல் (வைரஸ் போன்றவை) பரப்பும் தளங்களையும் திறக்க விடாது. அந்த இடம் பூட்டப்பட்டிருந்தால் இணைப்புத் தந்த நிறுவனத்தைக் கேளுங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். போனில் டேட்டா இருந்தால் இந்தத் தடுப்புக்குப் பயனில்லை. யூடியூப்புக்குள்ளும் டிக்டொக்குக்குள்ளும் ஓடுவதை இது பார்க்காது.

பேரனின் தாயும் தகப்பனும் கட்டாரில். எனக்குப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் எப்படிக் கவனிப்பது? (அம்மம்மா, மட்டக்குளி)

அம்மா, உங்களுக்குப் போன் தெரிய வேண்டியதில்லை, பேரனைத் தெரிந்தால் போதும். போன் பாவிப்பது கூடத்தில்தான், இரவு ஒன்பது மணிக்கு அது உங்கள் தலைமாட்டில் சார்ஜுக்குப் போக வேண்டும் என்று இரண்டு விதி வையுங்கள். மகளும் மருமகனும் அழைக்கும்போது அவர்கள் வாயாலும் அதையே சொல்லச் செய்யுங்கள். யாரோடு விளையாடுகிறாய் என்று சோறு போடும்போது கேளுங்கள். அவன் திடீரென்று பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் திட்டாமல் பக்கத்தில் இருங்கள். உங்களிடம்தான் முதலில் சொல்வான்.

முதலாம் தரத்தில் சேர்ந்த மகனின் படத்தைப் பேஸ்புக்கில் போடலாமா? (தெமட்டகொட)

சீருடைச் சின்னம், பெயர்ப்பட்டி, வான் இலக்கம், வீட்டு வாசல் எதுவும் தெரியாத படமாகப் பார்த்து, நண்பர்கள் மட்டும் காணும்படி போடுங்கள். முடிந்தால் அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.