நோரா வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலக நாடகக் குழு நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் போடுகிறது. நான்தான் நோரா. கடைசியில் அவள் கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுப் போவதை நம் ஆட்கள் ஏற்க மாட்டார்கள், பிள்ளைகளுக்காக மனம் மாறி நின்றுவிடுவதாக முடிக்கலாம் என்கிறார் இயக்குநர். நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எனக்கே அந்த இடம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் இயக்குநருக்கு முன்பே ஒருவர் இந்த மாற்றத்தைச் செய்துவிட்டார். அவர் இப்சன்தான்! 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் நாடகம் முதலில் மேடையேறியது. அடுத்து ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த ஹெட்விக் நீமன்-ராபே, தன்னால் குழந்தைகளை விட்டுப் போகவே முடியாது என்று அந்த முடிவில் நடிக்க மறுத்தார். அங்கே அன்று இப்சனுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. வேறு யாரோ கை வைப்பதற்குள் தானே மாற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தார். கணவன் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான், அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள். நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று பிறகு அவரே அதைத் திட்டினார். அந்த முடிவு மேடையில் நிலைக்கவும் இல்லை.

ஆகவே மாற்ற வேண்டாம். சரி, உங்களுக்கு ஒட்டவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். கோளாறு கடைசிக் காட்சியில் இல்லை, முதல் அங்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். நோராவை அப்பாவிப் பொம்மையாக நடித்தால், கடைசியில் அவள் பேசுவது யாரோ எழுதிக் கொடுத்த மேடைப் பேச்சாகத்தான் கேட்கும். அவள் அப்பாவி இல்லை. முதல் காட்சியிலேயே இனிப்பை ஒளித்துத் தின்றுவிட்டு, தின்னவே இல்லை என்று கணவனிடம் சாதிக்கிறாள். அவன் உயிரைக் காப்பாற்ற அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு 4,800 குரோனர் கடன் வாங்கியவள். அப்பா செத்து மூன்று நாள் கழித்து வரும் தேதியைப் போட்டு மாட்டிக்கொள்கிற அளவுக்கு அசட்டை வேறு! ஆனால் அந்தக் கடனை அடைக்க ராத்திரி கண்விழித்து நகலெழுதிச் சம்பாதித்ததைத் தோழியிடம் சொல்லும்போது, ஒரு ஆம்பிளை மாதிரி இருந்தது என்று பூரிக்கிறாள். அந்தப் பூரிப்பை விட்டுவிடாதீர்கள். குடும்ப நண்பர் டாக்டர் ராங்க்கிடம் பட்டுக் காலுறையைக் காட்டிச் சீண்டுவதும் இவள்தான். அவர் தன் காதலைச் சொன்னதும், கேட்க வந்த உதவியைக் கேட்காமல் விடுவதும் இவள்தான். பார்ப்பவருக்கு அந்த இடத்தில் அவள்மேல் கொஞ்சம் கோபம் வரட்டும், துடைத்து விடாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். பொய் சொல்லும் தாய் வீட்டுக் காற்றையே நஞ்சாக்குகிறாள் என்று கணவன் போகிறபோக்கில் சொல்கிறான். அதிலிருந்து நோரா பிள்ளைகளிடமிருந்து ஒதுங்க ஆரம்பிக்கிறாள். இரண்டாம் அங்கத்தில், பெற்ற பிள்ளையை அந்நியரிடம் கொடுத்துவிட்டு எப்படி வந்தாய் என்று ஆயாவிடம் கேட்கிறாள், பிறகு தன் பிள்ளைகளுக்கு வேறு யாரும் இல்லாவிட்டால் நீ இருப்பாய்தானே என்கிறாள். போவது அங்கேயே தொடங்கிவிட்டது. பாசம் இல்லாததால் போகிறவள் இல்லை அவள். நீங்கள் அவள் முடிவை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஏன் வேறு வழி தெரியவில்லை என்பது விளங்கினால் போதும்.

நம் ஆட்கள் ஏற்க மாட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. 1974-ல் ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தில் சுஜாதாவின் கவிதா வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறவள்; அவளைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

இன்னொன்று. நோரா பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடும் இடத்தை, சின்னப் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்ப்பது கஷ்டம் என்று பல குழுக்கள் வெட்டிவிடும். அவள் பாசம் கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். உங்கள் இயக்குநரிடம் சண்டை போடுவதென்றால் முதலில் அதற்குப் போடுங்கள்.