ஸ்பிரின்ட் சைக்கிளிங்கில் சப்ளிமெண்ட் எடுத்தால் வேகம் கூடுமா?

வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத்துக்கான ஓடுதளம்) 200 மீட்டர் ஸ்பிரின்ட், அதாவது முழு வேகக் குறுந்தூர ஓட்டம், ஓட்டுகிறவர் சப்ளிமெண்ட் எடுத்தால் நேரம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றால் அல்ல.

200 மீட்டர் என்பது சுமார் 10 விநாடி வேலை. அதற்குத் தசை பெரிதும் நம்பியிருப்பது தன்னிடம் உள்ள கிரியாட்டின் பாஸ்பேட்டை, அதாவது உடனடி ஆற்றல் தரும் சேமிப்பை. அது சில விநாடிகளிலேயே வற்றத் தொடங்கிவிடும். தினமும் 3 முதல் 5 கிராம் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் எடுத்தால் நாலு வாரத்தில் அந்த இருப்பு கூடும். பலன் ஒற்றை ஓட்டத்தைவிட, பயிற்சியில் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் மிதிக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். உடம்பில் நீர் சேர்ந்து ஒரு கிலோ வரை எடை ஏறலாம். மலையேறுகிறவருக்குத்தான் அது பாரம், டிராக்கில் பெரிதாகத் தெரியாது.

கஃபைனும் உதவும்: உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு. மாலைப் போட்டி என்றால் தூக்கம் போய்விடும்.

அப்புறம் நம் சமையல் சோடா. ஒரு நிமிடம் நீளும் 1 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் (கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) இதற்கு இடமுண்டு, 10 விநாடிக்குத் தேவையில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு அளவு 21 கிராம், அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். வயிறு கலக்கிவிடும். தயவுசெய்து போட்டி நாளில் முதல் தடவையாக முயலாதீர்கள்.

எதை வாங்கினாலும் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறதா என்று தனி ஆய்வகத்தில் சோதித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் உட்கொண்டாலும் ஊக்கமருந்து விதிப்படி பொறுப்பு உங்களுடையதுதான்.