எழுத்துக்கூட்டி வாசிக்கும் மகன் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் நான்காம் வகுப்பு. எழுத்துகள் அத்தனையும் தெரியும். ஆனால் பாடத்தை இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறான். பத்தி முடிந்ததும் "என்ன வாசித்தாய்?" என்றால் விழிக்கிறான். அதையே நான் வாசித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறான். பள்ளியில் அவனுக்குக் கவனம் போதாது என்கிறார்கள். கைப்பேசியில் நேரம் வைத்து வேகமாக வாசிக்கப் பழக்கலாமா?

ஒரு தாய், திருவண்ணாமலை

அன்புள்ள சகோதரி,

நேரம் வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வாசித்தால் அவனுக்குப் புரிகிறது. மொழியறிவில் குறையில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? கவனம் இல்லாதவன் என்று அவனைச் சொல்வது அநியாயம். இருக்கும் கவனம் முழுவதையும் எழுத்தை ஒலியாக்குவதிலேயே செலவழித்துவிடுகிறான், பொருளுக்கு மிச்சமில்லை. லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1974இல் இதைத்தான் எழுதினார்கள். கவனம் அளவுக்கு உட்பட்டது. சொல்லை அடையாளம் காண்பது முயற்சியின்றி நடக்கும்போதுதான் அது பொருளின் பக்கம் திரும்பும்.

'தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லை அவன் இடத்திலிருந்து பாருங்கள். பதினைந்து எழுத்துகள். 'கொ'வின் குறி எழுத்துக்கு இருபுறமும் நிற்கிறது. 'க்கொ'வில் வன்மையாக ஒலிக்கும் ககரம் 'ர்க'வில் மென்மையாகிவிடுகிறது. கடைசிக் 'கு'வுக்கு வந்து சேர்வதற்குள் முதல் 'தே' நினைவிலிருந்து நழுவியிருக்கும். நாமோ தேடி, கொண்டிருந்த, அவர்களுக்கு என்று மூன்றே துண்டுகளாகப் பார்த்துக் கடந்துவிடுகிறோம். அவனுக்கு வர வேண்டியது இந்தப் பார்வை. வேகம் அதன் பின்னால் தானாக வரும்.

நேரம் வைத்தால் பிள்ளைகள் சொல்லின் கடைசிப் பகுதியை ஊகித்துவிட்டு ஓடுவார்கள். தமிழில் வேற்றுமை உருபு, காலம், எதிர்மறை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அதை விட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றை எடுங்கள். பாடநூல் கனமாக இருந்தால் இரண்டாம் வகுப்புக் கதையே போதும். முதலில் நீங்கள் பேசும் தொனியில் வாசியுங்கள், வரியின் கீழ் விரல் ஓடட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவன் மட்டும், சரளம் வரும்வரை மறுபடி மறுபடி. "மழை பெய்ததால் / பள்ளிக்குப் போன பிள்ளைகள் / பாதி வழியிலேயே / திரும்பிவிட்டார்கள்" என்று பென்சிலால் கோடிட்டுக் கொடுங்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனுக்கு வாக்கியம் பாதி புரிந்த மாதிரிதான். தடுமாறினால் சற்றே பொறுத்து, சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே பத்தியை மனப்பாடம் செய்வதாகாதா என்று தோன்றலாம். 1979இல் சாமுவேல்ஸ் இந்த முறையை விவரித்தபோது, பிள்ளைகள் அடுத்தடுத்த புதுப் பத்திகளைத் தொடங்கும்போதே முன்னைவிடச் சரளமாகத் தொடங்கினார்கள், மறுவாசிப்பும் குறைவாகவே தேவைப்பட்டது என்று காட்டினார்.

நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். புதுச் சொற்கள் அந்த வழியாகத்தான் இப்போது அவனுக்கு வருகின்றன. சரளம் எவ்வளவு இருந்தாலும் பொருள் தெரியாத சொல் புரியாது. சில மாதங்கள் விடாமல் செய்தும் மாற்றம் இல்லையென்றால் கற்றல் குறைபாடு பற்றி அறிந்த நிபுணரிடம் காட்டுங்கள், தயங்க வேண்டாம்.

அவன் ஆசிரியரிடமும் பேசுங்கள். முன்பின் பார்க்காத பத்தியை வகுப்பின் நடுவே எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிட்டால், அவன் வீட்டில் பழகிக்கொண்டு வருவான்.