கட்டற்ற மென்பொருள் ஒன்றை நடத்துகிறவர், உதவி கேட்டு வரும் கேள்விகளை எப்படிச் சமாளிப்பது?

சின்னதாக ஒரு மென்பொருள் எழுதி, நிரல்களை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டீர்கள், பயன்படுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உதவி கேட்டு வந்த செய்திகளுக்குப் பதில் எழுதியே இரவு போய்விடுகிறது, நிறுத்தவும் மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் நானும் இதே நிலையில் இருந்தேன். அதனால் பொதுவான அறிவுரையாக இல்லாமல், எனக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

என்னுடையது பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகளை, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு மாற்றும் நிரல். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று யுனிகோடுக்கு முன்னால் எத்தனையோ முறைகள் புழங்கின. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே தெரியும், அம்மாவைக் காணோம். இப்படிச் சிக்கிக் கிடக்கும் நூல் பிரதிகளும் சிறப்பு மலர்களும் பாடத் தொகுப்புகளும் ஏராளம். ஆகவே என் நிரலைத் தேடி வருகிறவர்களில் புரோகிராமர்கள் குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிறு பதிப்பகம் நடத்துகிறவர்கள், தட்டச்சு செய்து கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நிரலோடு வைக்கும் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் என் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அங்கேதான் தவறு தொடங்கியது. "அண்ணா, ஆங்கில வார்த்தையெல்லாம் கன்னாபின்னான்னு தமிழா மாறிடுச்சு" என்ற ஒரே கேள்வி வாரம் தவறாமல் வரும். வேர்டிலிருந்து வெறும் டெக்ஸ்டாகச் சேமித்தால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற தகவல் போய்விடும், அதனால் நிரல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பொறுமையாக விளக்கினேன். நான் ஒருவருக்கு எழுதிய பதில் அவருடைய போனிலேயே கிடந்தது. அடுத்தவருக்கு அது கிடைக்க வழியே இல்லை.

ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து செய்தி. பெயர் வேண்டாம். "உங்க சாஃப்ட்வேரால எங்க புத்தகம் அச்சுக்குப் போகாம நிக்குது, நாளை மதியத்துக்குள்ள சரி பண்ணித் தரணும்." மறுநாள் விடுப்பு எடுத்துச் சரி செய்து கொடுத்தேன். பெற்றுக்கொண்டார்கள், நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. அடுத்த மாதம் இன்னொரு கோப்பை அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் எண்ணை ரீட்மீயிலிருந்து எடுத்தேன்.

உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: யார் தனியாகக் கேட்டாலும் பதிலைப் பொதுவில் சொல்லுங்கள். "நல்ல கேள்வி, இதை அப்படியே இஷ்யூவாகப் போடுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்" என்று ஒரே வரி போதும். இஷ்யூ என்பது கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு கேள்வியையோ பிழையையோ பதியும் இடம். போடத் தெரியாதவர் என்றால் அவர் சார்பில் நீங்களே போட்டுவிட்டு இணைப்பை அனுப்புங்கள், பெயரையும் கோப்பில் உள்ள அந்தரங்கத்தையும் நீக்கிவிட்டு. பாதுகாப்பு ஓட்டை பற்றிய தகவல் மட்டும் விதிவிலக்கு, அதற்குத் தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வது சுலபம். நான் அப்படிச் சொன்னதும் பலர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். சோம்பல் இல்லை, கூச்சம். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது சார், அங்க எல்லாரும் பார்ப்பாங்க" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தமிழுக்காக எழுதிய நிரலில் தமிழில் கேட்கத் தயங்கும் நிலையை நான்தான் வைத்திருந்தேன். இஷ்யூ படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அன்றே தமிழில் மாற்றினேன். "தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதுங்கள், பிழை பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்பது முதல் வரி. பிறகு மூன்றே கேள்விகள்: எந்த எழுத்துரு, மாற்றுவதற்கு முன் இருந்த இரண்டு வரி, மாற்றிய பின் வந்த அதே இரண்டு வரி. வெர்ஷன் எண்ணைக் கூடக் கேட்கவில்லை, நிரலே அதை வெளியீட்டின் அடியில் எழுதும்படி செய்துவிட்டேன். கேட்பவர் தலையில் ஏற்றும் வேலையை நிரல் செய்ய முடியுமானால் நிரல்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது, கேட்பவர் சொல்லும் பிரச்சினைக்கும் உள்ளே இருக்கும் பிரச்சினைக்கும் நடுவில் உள்ள தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "தம்பி, எல்லாம் வடிவா மாறியிருக்கு. ஆனா கொடி எண்டு தேடினா ஒண்டும் வருகுதில்லை." கூடவே கணினித் திரையைப் போனில் எடுத்த படம். படத்தில் 'கொடி' என்ற சொல் நாலு இடத்தில் தெளிவாக இருக்கிறது. என் கணினியில் தேடினால் கிடைக்கிறது. "எனக்குச் சரியாக வேலை செய்கிறதே" என்று எழுதி மூடியிருக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறோம்.

அவரிடம் ஒன்று கேட்டேன். "ஐயா, 'கொ' எழுத்துக்கும் 'டி' எழுத்துக்கும் நடுவில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். என்ன மிச்சம் இருக்கிறது?" பதில் வந்தது: "கெ மிஞ்சுது தம்பி. ஆனா நான் விசைப்பலகையில புதுசா கொ எண்டு அடிச்சுப் பாத்தா க மட்டும் மிஞ்சுது." பிரச்சினை கையில் அகப்பட்டுவிட்டது. யுனிகோடில் 'ொ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனி என்பதால் என் நிரல் இரண்டாகவே எழுதியிருந்தது. விசைப்பலகை ஒன்றாக எழுதியது. நான் வைத்திருந்த எடிட்டர் இரண்டையும் சமமாக்கித் தேடியது, அவருடையது அப்படிச் செய்யவில்லை. வெளியீட்டை, பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததோடு தீர்ந்தது. இந்த உரையாடல் முழுவதும் பொதுவில் நடந்ததால், பிறகு அதே கேள்வியோடு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுப் புது வெர்ஷனைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே கேள்வி மூன்றாம் தடவை வந்தால் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு நிரலைத் திருத்தப் போய்விடுகிறேன். ஆங்கிலச் சொற்கள் மாறும் பிரச்சினைக்கு நூறு பதில் எழுதினாலும் முடிவில்லை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் பதிவாகியிருக்கும். அதைப் படித்து, பாமினி என்று இருக்கும் துண்டை மட்டும் மாற்றும்படி எழுத இரண்டு வார இறுதிகள் ஆயின. அந்தக் கேள்வி அதன் பிறகு அநேகமாக வருவதில்லை.

எல்லாவற்றையும் தீர்க்க முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய எழுத்துருவில் 'ள' எழுத்துக்கும் ஔகாரக் குறியின் கடைசிப் பகுதிக்கும் ஒரே வடிவம். 'கௌரி' என்று வர வேண்டியது 'கெளரி' என்று வந்தது. கொம்புக்குப் பின் 'ள' வந்தால் ஔகாரமாக்கு என்று விதி எழுதினால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் உடைந்துவிடும். அதனால் 'ள'வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று சேர்த்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்தபோது, நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் ஒரு பெண் இஷ்யூ போட்டார். அவருடைய பாட்டில் 'வெளக்கு' என்பது 'வௌக்கு' ஆகியிருந்தது, 'வெளஞ்ச நெல்லு' என்பது 'வௌஞ்ச நெல்லு'. பேச்சுத் தமிழை நான் யோசிக்கவே இல்லை.

"இதை விதியால் முழுமையாகத் தீர்க்க முடியாது, மன்னிக்கவும். விலக்குச் சொற்களின் பட்டியல் இருந்தால் ஓரளவு முடியும், ஆனால் அந்தச் சொற்கள் எனக்குத் தெரியாது" என்று எழுதினேன். அவர் தன் தொகுப்பிலிருந்து பட்டியல் போட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்து ஐயா தாமாகவே வந்து அதில் இன்னும் சொற்களைச் சேர்த்தார். இருவருக்கும் ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் இன்றைக்கு என் நிரல் இல்லை. வெளியீட்டுக் குறிப்பில் இருவரின் பெயரையும் அவர்களின் சம்மதத்தோடு போட்டேன். பங்களிப்பு என்றால் நிரலில் திருத்தம் எழுதி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இவர்களை இழந்திருப்பேன்.

நிறுவனங்கள் வேறு வகை. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாக நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. லாக்4ஜே என்ற வேறொரு மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை பற்றிய கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். அவருக்கும் லாக்4ஜேவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆதரவு ஒப்பந்தம் கையெழுத்தானதும் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாக எழுதினார். நானும் இப்போது அப்படித்தான். கெடு வைத்துக் கேட்பவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்கிறேன். கோபம் இல்லாமல், முதல் பதிலிலேயே. சிலர் கொடுத்தார்கள். மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், அதுவும் நியாயம்தான்.

தனி ஆளாக இருப்பதில் களைப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் நடந்ததை, மென்பொருள் நடத்துகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லாசே காலின். 2022இல் ஏன் தாமதம், ஏன் வேறு ஆளிடம் கொடுக்கவில்லை என்று முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து அவரை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் நினைவூட்டியும் விடவில்லை. அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பிலும் சேர்ந்தார். 2024இல் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில், ரகசியமாக உள்ளே நுழைய விடும் பின்கதவு இருந்தது. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்து, மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தியவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். லாசே காலின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. களைத்துப்போன ஒருவரை நெருக்கினால் யாருக்கும் அதுதான் நடக்கும்.

அதனால் பொறுப்பைப் பகிருங்கள், ஆனால் நெருக்குகிறவர் கேட்கிறார் என்பதற்காகப் பகிராதீர்கள். நான் முதலில் கொடுத்தது இஷ்யூக்களுக்கு லேபிள் போடவும் மூடவும் உரிமை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து ஐயாவுக்கும், திருச்சியில் படிக்கும் ஒரு மாணவிக்கும். ரிலீஸ் செய்யும் உரிமையை அந்த மாணவிக்கு ஒரு வருடம் கழித்து, அவருடைய மாற்றங்களை வரிக்கு வரி பார்த்துப் பழகிய பிறகுதான் கொடுத்தேன்.

போன வருடம் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஒரு மாதம் ஊரில் இருந்தேன். "இந்த மாதம் பதில் தாமதமாகும், வீட்டில் உடல்நலக் காரணம்" என்று ரீட்மீயின் மேலே ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பதினொரு புதுக் கேள்விகள் வந்திருந்தன, அதில் ஒன்பது தீர்ந்து மூடப்பட்டிருந்தது. மீதி இரண்டில் ஒன்று டிஸ்கி கோப்பில் 'ஸ்ரீ' உடையும் பிரச்சினை. அதன் அடியில் ஐயா எழுதியிருந்தார்: "இதைத் தம்பி வந்து பாக்கட்டும். அவசரமில்லை. அம்மாவைக் கவனமாப் பாக்கச் சொல்லுங்கோ."